வளையத்தை அறுக்கச் சொன்னது யாரு?

வீட்டு வேலை எடுத்துச் செய்யற தொழில்ல, சண்டை வர்றதுன்னா சிமெண்டு காயறதுக்கு முன்னாடி வந்துடணும். காஞ்சதுக்கு அப்புறம் வந்தா உடைக்கத்தான் வேணும்.

நானும் என் வீட்டுக்காரர் அந்தோணியும் ராயபுரத்துல இருந்துக்கிட்டு, திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் பழைய வீட்டைப் புதுசாக்குற வேலையை எடுத்துச் செய்யறோம். பூச்சு, டைல்ஸ், பெயிண்ட், பாத்ரூம் எல்லாம் உண்டு. அவர் மேஸ்திரி. கரண்டி பிடிப்பார், மட்டம் பாப்பார், வாயை மட்டும் திறக்கவே மாட்டார். அந்த வேலை என்னுது. வீட்டுக்காரங்ககிட்ட பேசறது, சமாதானம் சொல்றது, திட்டு வாங்கறது எல்லாம் இந்த ஜெஸி கணக்குல வரும். இதைப் படிக்கறவங்கள்ல பாதிப் பேர் எங்களை மாதிரி ஆளுங்ககிட்ட மாட்டிக்கிட்டு முழிச்சிருப்பீங்க. மீதிப் பாதிப் பேர் எங்க தொழில்லயே இருந்து, உங்களை மாதிரி ஆளுங்ககிட்ட மாட்டிக்கிட்டு முழிச்சிருப்பீங்க. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சொல்றேன். எல்லாம் ஒரே வீட்டுல, ஒரே ஹால்ல நடந்தது.

ஹால் மட்டும்தான்

எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் பேச்சு இதுதான். "ஹால் மட்டும்தாம்மா, வேற ஒண்ணும் இல்ல." ஹாலைப் புதுசாக்கினா பக்கத்து ரூம் பழசா தெரியும். ரூமைத் தொட்டா சமையக்கட்டு பல்லை இளிக்கும். கடைசியில மாடித் தண்ணித் தொட்டி வரைக்கும் போய்த்தான் நிக்கும். காத்திவாக்கம் கஸ்தூரி அக்கா கூப்பிட்டப்போ அவங்களும் அப்படித்தான் சொன்னாங்க. ஆனா அவங்க நெஜமாவே ஹாலைத் தவிர வேற எதையும் தொட விடல. அதுவே எனக்கு ஆச்சரியமாப் போச்சு.

சின்ன வீடு. வாசலைத் திறந்தா ஹால், பின்னாடி சமையக்கட்டு, பக்கத்துல ஒரு ரூம், மேல மொட்டை மாடி. அக்காவோட வீட்டுக்காரர் தேசப்பன் அண்ணன் கடலுக்குப் போய்ட்டு இருந்தவர். முட்டி வீணாப் போனதுல இருந்து போறது இல்ல. ஹால்ல உக்காந்து மத்தவங்க வலையைச் சரி பண்ணிக் குடுத்துக்கிட்டு இருக்கார். ஒரே பொண்ணு சுகந்தி, மணலியில ஒரு கம்பெனியில கணக்குப் பாக்குது. அந்தப் பொண்ணைப் பாக்க காசிமேட்டுல இருந்து வர்றதா இருந்தாங்க. பிடிச்சா அன்னிக்கே பூ வெச்சிடறதாப் பேச்சு. அந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள ஹாலை முடிச்சுக் குடுக்கணும்.

போன வருஷமும் ஒரு சம்பந்தம் வந்துதாம். வந்தவங்களுக்கு உக்கார இடம் இல்லாம, வலையை ஓரமாத் தள்ளிட்டு உக்கார வெச்சிருக்காங்க. மாப்பிள்ளையோட அம்மா எழுந்திருக்கும்போது பட்டுப் புடவை வலையில மாட்டி, சரிகை பிரிஞ்சிடுச்சு. வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லலையாம். காப்பியைக் குடிச்சுட்டுப் போனவங்கதான், திரும்பி ஒரு போன்கூட இல்ல. இதைச் சொல்லும்போது கஸ்தூரி அக்கா குரல் கம்மிப்போச்சு. முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னாங்க:

"இந்த தபா வர்றவங்க என் வூட்ல காலை நீட்டிக் குந்தணும் ஜெஸி. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல."

வெள்ளைக் கலர்

பெயிண்ட் அட்டையை விரிச்சு வெச்சேன். அக்கா எல்லாத்தையும் தள்ளிட்டு ஒரே விரலை வெச்சாங்க. வெள்ளை! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. எண்ணூர் பக்கம் வேலை செய்யற எவனும் வாசல் ஹாலுக்கு வெள்ளை அடிக்க மாட்டான். சாயந்திரம் அடிச்சுட்டுப் போனா, காலையில ஈரத்து மேல அனல் மின் நிலையத்துக் கரித்தூள் உக்காந்து, நாமதான் சாம்பல் கலர் அடிச்சோம்னு நம்மளையே கேப்பாங்க. எனக்கு அந்த அனுபவம் நிறைய உண்டு. "நான் கேட்டது வெள்ளை, நீ அடிச்சது இன்னா?"ன்னு சுவரைத் தேச்சு விரலைக் காட்டின வீட்டுக்காரங்க எத்தனை பேர்!

"எக்கா, சந்தனக் கலர் அடிங்க, அழுக்குத் தெரியாது"ன்னேன். கேக்கல. "இளநீலக் கலர்?" கேக்கல. ஜன்னலை எல்லாம் சாக்குப் போட்டு மூடி, காத்து கரையில இருந்து அடிக்காத நேரமாப் பாத்து அடிச்சாத்தான் உண்டு, அப்படியே அடிச்சாலும் ரொம்ப நாள் நிக்காதுன்னு கையைப் பிடிச்சுச் சொன்னேன். அக்கா என்னைப் பாத்துச் சிரிச்சாங்க.

"ஞாயித்துக்கெழமை அவங்க கெளம்புற வரைக்கும் வெள்ளையா நிக்கட்டும். அப்பால இன்னா கலரா வேணா போவட்டும்."

சுவர் சோக்கா கீது

எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. பூச்சுப் போடறதுக்கு முன்னாடி சுவர்ல இருக்கற பழைய ஆணி, கொக்கி, கம்பி எல்லாத்தையும் அறுத்துத் தள்ளிடுவோம். யாரையும் கேக்கறது இல்ல. கேட்டா ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு கதை சொல்வாங்க, பொழுது போயிடும். தேசப்பன் அண்ணன் வீட்டு ஹால்ல, வாசக்கதவை ஒட்டின சுவர்ல, கட்டை விரல் மொத்தத்துக்கு ஒரு இரும்பு வளையம் இருந்தது. துரு ஏறி, சுத்தி இருந்த பூச்செல்லாம் பழுப்பா ஊறிப் போயிருந்தது. அதை மட்டும் அந்தோணி நின்னு பாத்தார். இது ஏதோ காரணமா வெச்ச மாதிரி இருக்கேன்னு என்கிட்ட கண்ணைக் காட்டினார். கஸ்தூரி அக்கா சமையக்கட்டுல இருந்தே சத்தம் போட்டாங்க, "அத்தத்தான் மொதல்ல அறு மேஸ்திரி!"

வீட்டுக்காரம்மாவே சொன்னதுக்கு அப்புறம் என்ன? மெஷினைப் போட்டு அறுத்தோம். பூச்சுப் போட்டு, பட்டி பாத்து, வழவழன்னு ஆக்கிட்டோம். தேசப்பன் அண்ணனுக்கு தூசி ஒத்துக்காதுன்னு அக்கா அவரை மீஞ்சூர்ல இருக்கற அவர் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பி வெச்சிருந்தாங்க. தூசிக்கு மட்டும் அனுப்பலைன்னு எனக்கு அப்போ உறைக்கல.

திரும்பி வந்தவர் செருப்பைக் கழட்டினார், நேரா அந்தச் சுவருக்குப் போனார். உள்ளங்கையை வெச்சு மேலயும் கீழயும் தடவினார். அந்த வளையத்துல வலையோட ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை இழுத்துப் பிடிச்சு, எதிர்ல உக்காந்து கிழிசலைப் பின்னுவாராம். வலை விறைப்பா நின்னாத்தான் கண்ணி ஒரே அளவா விழும். இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிஞ்சது. "யாரு அறுத்தது?"ன்னு கேட்டார். சமையக்கட்டுல இருந்து பதில் பட்டுன்னு வந்துது, "மேஸ்திரிதான்!"

எனக்கு மண்டைக்கு ஏறிடுச்சு. அந்தோணி மட்டக்கம்பைப் பிடிச்சுக்கிட்டு அதே கம்பு மாதிரி நிக்கறார். தேசப்பன் அண்ணன் கத்தியிருந்தாகூட தேவலாம். அவர் கத்தவே இல்ல.

"சொவுரு சோக்கா கீது மேஸ்திரி. நான் எங்க குந்துறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

சமையக்கட்டுல கேட்ட கேள்வி

விடுவேனா நான்? நேரா சமையக்கட்டுக்குப் போனேன். அக்கா சங்கரா மீனைக் கழுவிக்கிட்டு இருந்தாங்க. "எக்கா, நீங்கதானே அறுக்கச் சொன்னீங்க? இப்போ எங்க தலையில போடறீங்களே, நல்லா இருக்கா?"ன்னு கேட்டேன். எனக்குக் கோவம் வந்தா குரல் தெருமுனை வரைக்கும் போகும். அன்னிக்கு அடக்கித்தான் பேசினேன். அடக்கினதாலயே தொண்டை வலிச்சுது.

அக்கா கொஞ்சம்கூட அசரல. மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தேச்சாங்க.

"ஆமா, சொன்னேன். இப்போ அதுக்கு இன்னா? நான் சொன்னேன்னு தெரிஞ்சா அந்தாளு சோறு துன்ன மாட்டாரு. நீ அறுத்தேன்னு தெரிஞ்சா இன்னா ஆவும்? நீ சாயந்திரம் உன் வூட்டுக்குப் போயிடப் போறே."

ஆளைச் சுத்தி டைல்ஸ்

மறுநாள் டைல்ஸ் ஒட்டற மாரி வந்தான். பல வருஷமா எங்ககூடவே வேலை செய்யற ஆள், வேலையில கெட்டிக்காரன். ஹால் நடுவுல ஒரு பிளாஸ்டிக் சேர். சேர்ல தேசப்பன் அண்ணன். மடியில வலை. "வளையம் வந்தாத்தான் நான் எய்ந்திருப்பேன்"னு ஒரே வார்த்தை. அக்கா சமையக்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, "ஞாயித்துக்கெழமை ஆளுங்க வர்றாங்க, தரை இன்னும் மண்ணா கீது"ன்னு என்னைப் பாத்து சொல்றாங்க. அவரைப் பாத்து சொல்லல. ரெண்டு பேரும் பேசறதை நிறுத்திட்டாங்கன்னு அப்போத்தான் எனக்குப் புரிஞ்சுது.

அண்ணன் வளையம் கேக்கறார். அதைத் திரும்ப வெச்சா அக்கா எங்களை உள்ளயே விட மாட்டாங்க. வைக்கலைன்னா தரை முடியாது. தரை முடியலைன்னா போன வருஷம் மாதிரியே இந்த சம்பந்தமும் காப்பியோட போயிடும். சுகந்தி வேலைக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஆன்ட்டி, எப்படியாவது முடிச்சுடுங்க"ன்னு சொல்லிட்டுப் போச்சு. அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்ததுல இருந்து எனக்குக் காப்பி இறங்கல.

மாரி சுவரோரமா நாலு பக்கமும் ஒட்டிக்கிட்டே வந்தான். வந்து வந்து சேருக்குப் பக்கத்துல நின்னுட்டான். சேர் காலையும் அண்ணன் காலையும் மாத்தி மாத்திப் பாத்தான். கட்டிங் மெஷினைக் கீழ வெச்சான்.

"எக்கா, தூணைச் சுத்தி டைல்ஸ் வெட்டியிருக்கேன், பைப்பைச் சுத்தி வெட்டியிருக்கேன். உசுரோட குந்தியிருக்குற ஆளைச் சுத்தி எப்டிக்கா வெட்டுறது?"

வளையமா நின்ன மேஸ்திரி

அன்னிக்கு எனக்குத் திருவொற்றியூர்ல வேற ஒரு பாத்ரூம் வேலை. அதைப் பாத்துட்டு மத்தியானம் காத்திவாக்கம் வந்தா, ஹால்ல ஒரே சிரிப்புச் சத்தம். படகுக்காரப் பசங்க மூணு நாலு பேர் கிழிஞ்ச வலையைத் தூக்கிக்கிட்டு வந்திருக்காங்க. வளையம் இல்ல. ஜன்னல் கம்பியில கட்டப் பாத்திருக்காங்க. பெயிண்ட் உரிஞ்சிடும்னு மாரி அலறியிருக்கான். கதவுக் கைப்பிடியில கட்டப் பாத்திருக்காங்க. இழுத்தா கதவும் கூடவே வந்திருக்கு. கடைசியில தேசப்பன் அண்ணன் எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "நீதானே அறுத்தே? நீயே புடி"ன்னுட்டார்.

என் புருஷன் சுவர்ல முதுகைக் கொடுத்து, இடுப்புல கயித்தைச் சுத்திக்கிட்டு, வலையை இழுத்துப் பிடிச்சு நிக்கறார். எதிர்ல அண்ணன் ஊசியை விட்டு விட்டு எடுக்கறார். பசங்க சுத்தி உக்காந்து காத்து எந்தப் பக்கம், எந்த இடத்துல என்ன பட்டுது, எவன் வலையை எவன் அறுத்தான்னு பேசிக்கிட்டு இருக்காங்க. பூச்சுக் கரண்டி வாளியில காயுது. இங்க ஒரு பொண்ணோட கல்யாணம் நிக்குது, இந்த மனுஷன் கதை கேட்டுக்கிட்டு நிக்கறாரேன்னு ஒரு முறை முறைச்சேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் ஒரு வார்த்தை வாங்கக் கஷ்டப்படற ஆளு, முகமெல்லாம் வெளிச்சமா என்னைப் பாத்து, தானா வாயைத் திறந்தார்.

"ஜெஸி, நேத்து முகத்துவாரத்தாண்ட எறா அள்ளினு வந்தாங்களாம்!"

மாடியில ஒரு கொட்டாய்

பசங்க போனதும் நான் அண்ணன் பக்கத்துல தரையிலயே உக்காந்தேன். எனக்கு ஒரு யோசனை இருந்தது. மொட்டை மாடியில தகரக் கொட்டாய் போட்டு, நல்ல தூணா நிறுத்தி, ஒண்ணு இல்ல, ரெண்டு வளையம் வெச்சுத் தர்றோம். காத்தும் வரும். ஹாலும் ஹாலா இருக்கும். கூலிகூட வேணாம்னு சொன்னேன். எனக்கு அது ரொம்ப நியாயமாப் பட்டுது.

அவர் ஊசியில நூலைச் சுத்திக்கிட்டே கேட்டார். அப்புறம் மெதுவா சொன்னார். "மாடிக்குப் போனா அங்கயே கெடப்பேன் ஜெஸி. இந்த முட்டியை வெச்சுகினு காலையில ஏறுனா சாயந்திரம்தான் எறங்குவேன். இங்க குந்திகினு இருந்தா, போறவன் வர்றவன் எல்லாம் உள்ள வந்து ரெண்டு வார்த்தை பேசுறான். கடல்ல இன்னா நடக்குதுன்னு எனக்குத் தெரியுது. மாடி ஏறி எவன் வருவான்? வலையைக் கீழ போட்டுட்டு, அப்பால வந்து எடுத்துக்குறேன்னு போயிடுவானுங்கோ. அதுக்கு நான் செத்துடலாம்." சொல்லிட்டு முகத்தை வாசப்பக்கம் திருப்பிக்கிட்டார்.

கொட்டாய் யோசனையை அப்பவே சுருட்டி வெச்சுட்டேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டு, அண்ணா, நாங்க தெரியாம அறுத்துட்டோம், மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னேன். அவர் என்னைப் பாத்த பார்வையில ஒரு குறும்பு வந்துது. சமையக்கட்டுப் பக்கம் தாடையைக் காட்டி, குரலைத் தாழ்த்திக்கிட்டுச் சொன்னார்.

"நீ எங்க அறுத்தே? அவதான் சொல்லியிருப்பா, எனக்குத் தெரியாதா? அவளாண்ட சண்டை வலிச்சா யாரு சோறு போடுவா? அதான் உன்னாண்ட வலிக்கிறேன்."

நடுவுல நான்

அன்னிக்கு வீட்டுக்குத் திரும்பற வழியில, வண்டியில பின்னாடி உக்காந்து புலம்பிக்கிட்டே வந்தேன். அந்தோணி காசிமேட்டுல படகு சாமான் விக்கற கடை முன்னாடி வண்டியை நிறுத்தினார். உள்ள போய் வந்தவர் கையில ஒரு போல்ட், தலையில கனமான வளையம். கடல் காத்துக்குத் துருப் பிடிக்காத ரகம். கூடவே மரை போட்ட ஒரு குழாய்த் துண்டு. குழாயைச் சுவருக்குள்ள ஆழமாப் பதிச்சுட்டா, வெளிய ஒரு சின்ன ஓட்டைதான் தெரியும். வேணும்னா வளையத்தைத் திருகி மாட்டலாம், வேணாம்னா கழட்டி எடுத்துடலாம். நடு ரோட்டுல அந்த மனுஷன் கன்னத்தைக் கிள்ளணும் போல இருந்துது. சுத்தி ஐஸ் வண்டிங்க நின்னதால விட்டுட்டேன்.

ஆனா அதை ரெண்டு பேரும் ஒத்துக்கணுமே! அவங்களோ பேசறது இல்ல. மறுநாள் வளையத்தைக் காட்டி விஷயத்தைச் சொல்லிட்டு, நான் சமையக்கட்டு வாசப்படியில நின்னேன். இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் அண்ணன், நடுவுல கைக்கு எட்டற தூரம்தான். "ஞாயித்துக்கெழமை அது சொவுத்துல இருக்கக் கூடாதுன்னு சொல்லு"ன்னாங்க அக்கா. நான் திரும்பி, "அண்ணா, ஞாயித்துக்கெழமை இருக்கக் கூடாதாம்"னேன். "திங்கக்கெழமை காலையில இருக்கணும்னு சொல்லு"ன்னார் அண்ணன். "எக்கா, திங்கக்கெழமை இருக்கணுமாம்." "நூல் துண்டு தரையில கெடக்கக் கூடாது." "அண்ணா, நூல்..." "கேட்டுது, கேட்டுது! எனக்கு இன்னா காது செவுடா?" "வலையைக் கட்டுனா சாயந்திரம் அவுத்துடணும்." "அவுத்துடுறேன்னு சொல்லு." கழுத்து ஒடிஞ்சுடுச்சு எனக்கு. கடைசியில அண்ணன் சேரைத் தூக்கிக்கிட்டு எழுந்திருச்சார். மாரி பாய்ஞ்சு வந்து நடு ஹால்ல சிமெண்டைக் கொட்டினான். அண்ணன் போற போக்குல நின்னு, எனக்கு ஒரு வேலை குடுத்துட்டுப் போனார்.

"இன்னும் ஒண்ணு சொல்லிடு ஜெஸி. காலையில வெச்ச சங்கரா கொழம்பு சூப்பரா இருந்துச்சுன்னு."

ஞாயித்துக்கிழமை

குழாயைச் சுவர்ல பதிச்சு வளையத்தையும் மாட்டி, எல்லாம் முடிச்சுட்டோம். தரை கண்ணாடி மாதிரி இருந்துது, சுவர் வெள்ளையாவே நின்னுது. விடிகாலையிலயே போய் ஜன்னல் சாக்கை எல்லாம் எடுத்துட்டு, ஈரத்துணியால ஒரு தடவை துடைச்சு வெச்சேன். கிளம்பறேன்னு சொன்னா அக்கா விடல. ஏதாவது ஒடஞ்சா நீதான் பதில் சொல்லணும், இருன்னுட்டாங்க. பட்டுப் புடவை இல்லாம நானும் ஒரு ஓரமா நின்னேன்.

தேசப்பன் அண்ணன் பேச்சு மாறல. குளிச்சு, வெள்ளை வேட்டி கட்டி, அவரே வளையத்தைத் திருகிக் கழட்டினார். சட்டைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டார். ஓட்டை மேல காலண்டரை மாட்டினார். புது சோபா நுனியில போய் உக்காந்தார். உக்காந்தவருக்குக் கையை எங்க வெக்கறதுன்னு தெரியல. முட்டி மேல வெச்சார், எடுத்தார், கட்டிக்கிட்டார், திரும்ப முட்டி மேல வெச்சார். வாசல்ல போனவங்க ரெண்டு பேர் எட்டிப் பாத்துட்டு, "இன்னா நைனா, வெளியூரா?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. அவர் சிரிக்கக்கூட இல்ல.

கஸ்தூரி அக்கா பழத்தட்டைக் கையில வெச்சுக்கிட்டு அவரையே பாத்துக்கிட்டு நின்னாங்க. தெருமுனையில ஆட்டோ சத்தம். வந்துட்டாங்க வந்துட்டாங்கன்னு சுகந்தி உள்ள ஓடுது. அக்கா தட்டை என் கையில திணிச்சாங்க. நேரா அவர் எதிர்ல போய் நின்னாங்க. ஒரு வாரமா பேசாத பொம்பளை, தழுதழுத்துப் போய், ஆனா அதட்டலாத்தான் பேசினாங்க.

"யோவ், இன்னாய்யா, யாரோ வூட்டுக்கு வந்தாப்புல குந்திகினு கீறே? பாக்க சகிக்கல. அத்த எடுத்து மாட்டு. போ, வலையையும் எடுத்துனு வா!"

காசிமேட்டுக்காரம்மா

வந்தவங்க உள்ள நுழையும்போது அண்ணன் வலையைக் கட்டி முடிச்சிருந்தார். அக்கா நெனச்சது கொஞ்சம் வலை; அவர் கட்டினது முழு வலை. அக்கா வந்தவங்களைப் பாக்கல, மாப்பிள்ளையோட அம்மா புடவை ஓரத்தையே பாத்துக்கிட்டு இருக்காங்க. அந்தம்மா நல்ல பருமன், கழுத்து நிறைய நகை, கண்ணு எல்லா மூலையையும் ஒரு சுத்து சுத்துது. மாப்பிள்ளையோட அப்பா சோபா பக்கம் திரும்பவே இல்ல. நேரா வலைக்குப் போய்க் கண்ணிக்குள்ள விரலை விட்டுப் பாத்தார். "யாரு கட்டுனது? நீயா?"ன்னார். அப்படியே வேட்டியை மடிச்சுத் தரையில உக்காந்துட்டார். அதுக்கப்புறம் அந்த ரெண்டு பேரையும் காப்பி குடிக்க வைக்கறதே பெரும்பாடாப் போச்சு.

அந்தம்மா சோபாவுல உக்காந்தாங்க. செருப்பு கழட்டின காலை அந்தப் புதுத் தரையில மெதுவா நீட்டினாங்க. குளுகுளுன்னு கீதேன்னாங்க. அதைப் பாத்ததும் கஸ்தூரி அக்கா கண்ணு நிறைஞ்சு, ஓடிப்போய் சமையக்கட்டுல நின்னுக்கிட்டாங்க. சுகந்தி வந்து நின்னுது. பையன் தலையைத் தூக்கிப் பாத்தான். அந்தம்மா கூடையில இருந்து மல்லிப்பூவை எடுத்துத் தன் கையாலயே வெச்சு விட்டாங்க. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துது. மாரி வாசல்ல நின்னு விசிலே அடிச்சுட்டான்.

எல்லாம் முடிஞ்சு கிளம்பும்போது அந்தம்மா என்னை விரலைக் காட்டிக் கூப்பிட்டாங்க. "இந்த வேலை பூரா நீதான் செஞ்சியா?" எந்த டைல்ஸ் தூக்கிக்கிட்டு இருக்கோன்னு தரையை ஒரு சுத்து பாத்தேன். ஆமாம்மான்னேன். அந்தம்மா வலை பக்கம் ஒரு பார்வை பாத்தாங்க. அங்க அவங்க வீட்டுக்காரர் இன்னும் எழுந்திருக்கல. என்னை வாசலுக்கு வெளிய இழுத்துக்கிட்டுப் போய், காதோரமா சொன்னாங்க.

"எங்க வூட்டு ஹால்ல ஒரு போட் இன்ஜினைப் பிரிச்சுப் போட்டு வெச்சுகினு கீறாரு எங்காளு. பொண்ணு வர்றதுக்குள்ள அத்தத் தூக்கிக் கடாசிட்டு இதே மாரி டைல்ஸ் போட்டுக் குடு. யாரு தூக்குனதுன்னு கேட்டா, நீன்னு சொல்லிடுறேன்."

எங்க போர்டுல பூச்சு, டைல்ஸ், பெயிண்ட்டுன்னு எழுதி வெச்சிருக்கோம், நெஜத்துல நாங்க பாக்கறது புருஷன் பொஞ்சாதிக்கு நடுவுல நிக்கற வேலை, நிக்கற நேரத்துல அப்படியே கொஞ்சம் டைல்ஸும் ஒட்டிடறோம்.